இரண்டு முறை கிள்ளிய ராணி அறைகள்

தேனீ வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே,

மாசி பிறந்தால் உங்கள் போன் ஓயாது. ஒருவர் பெட்டியில் ஈ மண்டிக் கிடக்கிறது என்பார். இன்னொருவர் தேனடையின் அடியில் என்னமோ தொங்குகிறது என்பார். வேறொருவர், எல்லாம் கிளம்பிப் போய்ப் பக்கத்துத் தோட்டத்து ஆரஞ்சு மரத்தில் உட்கார்ந்துவிட்டது, நீங்கள் வந்து கூப்பிட்டால் திரும்புமா என்று கேட்பார். கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போன மருமகளைப் பற்றிப் பேசுவது போலத்தான் இருக்கும். சிரிக்காதீர்கள். சிரித்துக்கொண்டே பாதியை மட்டும் காதில் வாங்கியவள் நான். அதைத்தான் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

சேர்வராயன் மலையில் ஊர் ஊராகப் பெட்டி கொடுத்துத் தேனீ வளர்க்கக் கற்றுத்தரும் இந்த வேலையை முப்பது வருடத்துக்கு மேல் பார்த்தேன். பெட்டியை எப்படித் துடைப்பது, சர்க்கரைப் பாகை எப்படிக் காய்ச்சுவது என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லியிருப்பார்கள். அதைத் திரும்ப ஓதப்போவதில்லை. அலுவலகத்தில் உங்களுக்குக் கொடுக்கும் குறிப்புத் தாளைப் பெரும்பாலும் நான்தான் எழுதினேன். அதில் எங்கே தப்பு இருந்தது என்று சொல்லும் தகுதியும் அதனாலேயே எனக்கு உண்டு.

பூ கூடுகிற காலத்தில் தேனீக்கூட்டம் பெருத்துவிடும். இடம் போதாமல் போனால் வேலைக்கார ஈக்கள் அடையின் அடி விளிம்பில் புது ராணிக்கான அறைகளைக் கட்டும். தோலோடு இருக்கிற கடலைக்காய் தலைகீழாகத் தொங்குவது போல இருக்கும். அந்த அறையை ஈக்கள் மெழுகால் மூடியதும் பழைய ராணி பாதிக் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வேறு இடம் பார்க்கப் போய்விடும். காப்பி பூக்கப்போகிற நேரத்தில் பாதிக் கூட்டம் போனால் வளர்ப்பவருக்கு வயிறு எரியும். அதனால் என் தாளில் இப்படி எழுதியிருந்தேன்: வாரம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்க்கவும், ராணி அறை தென்பட்டால் உடனே கிள்ளி எறியவும். பார்க்க நல்ல வாக்கியம்தான். சுருக்கமாகவும் இருந்தது.

தலைச்சோலையில் பழனியம்மா என்று ஒருவர் இருந்தார். எஸ்டேட்டில் களை எடுப்பது, மிளகு பறிப்பது என்று தினக்கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்த ஊரில் எட்டுப் பெண்களுக்குப் பெட்டி கொடுத்திருந்தோம். நான்கு வருடத்தில் ஏழு பேருடைய பெட்டியும் காலி. ஒன்றில் கோழி அடைகாத்தது. ஒன்றில் கேழ்வரகு இருந்தது. பழனியம்மாவுக்கும் முதலில் ஒரு கூட்டம், அடையைத் தின்னும் மெழுகுப்பூச்சி விழுந்து போனது. அடுத்தது ஐப்பசி மழையில் பெட்டியை விட்டு ஓடிப்போனது. மூன்றாவது கூட்டத்தை நாங்கள் கொடுக்கவில்லை. எஸ்டேட்டின் மேல் எல்லையில் இருக்கிற ஒரு பாறை இடுக்கிலிருந்து அவரே அடை அடையாக எடுத்து, பெட்டிக்குள் நிற்கும் மரச் சட்டத்தில் வாழைநாரால் கட்டி, வீட்டுப் பின்பக்கம் கொண்டுவந்து வைத்தது அது.

ஒரு வருடம் அதை வளர்த்துவிட்டார். பக்கத்தில் ஒரு காலிப் பெட்டியைக் கழுவிக் காயவைத்திருந்தார். இந்தப் பூவுக்கு ஒன்றை இரண்டாகப் பிரித்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. இதுவும் போய்விட்டால் இரண்டு பெட்டியையும் அலுவலகத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுவேன், இன்னொரு முறை காலிப் பெட்டியைப் பார்க்க என்னால் முடியாது என்று முன்பே ஒருநாள் சொல்லியிருந்தார். அவர் சும்மா சொல்கிற ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அந்த மாசியில் அவர் போன் செய்தபோது நான் ஏற்காடு கடைவீதியில் நின்றுகொண்டிருந்தேன். பத்துப் பெட்டிகளை ஜீப்பில் ஏற்ற வேண்டும். ஏற்ற மாட்டேன், ஈ கடிக்கும் என்று டிரைவர் ஒரு பக்கம். காலிப் பெட்டியப்பா, காலிப் பெட்டி எங்கேயாவது கடிக்குமா என்று நான் ஒரு பக்கம். நடுவில் போன். பழனியம்மா ஏதோ சொன்னார். என் காதில் ராணி அறை என்பது மட்டும் விழுந்தது. எல்லாவற்றையும் கிள்ளிவிடுங்கள், அடுத்த வாரமும் பார்த்துக் கிள்ளிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு டிரைவரிடம் திரும்பினேன்.

அதற்குப் பின் மூன்று வாரம் கழித்துத்தான் தலைச்சோலைக்குப் போக முடிந்தது. அதற்கு எட்டு நாள் முன்பு மலையில் ஒரு நல்ல மழை பெய்திருந்தது. காப்பிக்கு அந்த மழைதான் கணக்கு. மழை விழுந்த எட்டாம் நாள், ஒன்பதாம் நாள் விடியற்காலையில் மலை முழுக்க ஒரே மூச்சில் பூக்கும். மூன்று நான்கு நாளில் முடிந்துவிடும். அந்த நாட்களில் பூத்த காட்டுக்குள் யாரும் கால் வைப்பதில்லை. ஆள் உரசினால் பூ கொட்டும் என்று எஸ்டேட்டில் வேலையையே நிறுத்திவிடுவார்கள். அன்று பஸ்ஸிலிருந்து பார்த்தபோதே மொட்டெல்லாம் வெளுத்து நீண்டு நின்றது. மறுநாள் பூ என்பதில் சந்தேகமே இல்லை.

பழனியம்மா மத்தியானம் வேலை முடிந்து வந்து, பெட்டியின் முன்னால் குந்தியிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாசலில் ஈக்கள் சும்மா உலாத்திக்கொண்டிருந்தன. காலில் மகரந்தத்தோடு ஒன்றுகூட உள்ளே போகவில்லை. மகரந்தம் குஞ்சுகளுக்கான உணவு. வளர்க்கக் குஞ்சு இல்லாத வீட்டுக்கு யார் அதைக் கொண்டுபோவார்கள்?

"ஏனுங்க மேடம், ஈ எல்லாம் எண்ணெ தடவுன மாதிரி கருப்பா மினுங்குதுங்களே. நல்லதுங்களா?" என்று கேட்டார் பழனியம்மா.

ராணி இல்லாத கூட்டத்தில்தான் ஈ அப்படி மினுங்கும். மூடியைத் திறந்து ஒவ்வொரு சட்டமாகத் தூக்கிப் பார்த்தேன். புழு இல்லை. மூடிய அறை இல்லை. ராணி இல்லை, ஈயும் பாதிதான் இருந்தது. நடு அடையில் மட்டும் சில குழிகளில் முட்டை இருந்தது. ஒரு குழியில் மூன்று, இன்னொன்றில் நான்கு, அதுவும் சுவரில் ஒட்டியபடி தாறுமாறாக. ராணி இருந்தால் குழிக்கு ஒரே ஒரு முட்டையை நடுவில் நிறுத்தி வைத்துவிட்டுப் போகும். ராணியும் இல்லாமல் வளர்க்கக் குஞ்சும் இல்லாமல் போனால், வேலைக்கார ஈக்களே முட்டையிடப் பார்க்கும். அவை இணை சேராதவை. அந்த முட்டையிலிருந்து ஆண் ஈ மட்டும்தான் வரும். ஆண் ஈ எந்த வேலையும் செய்யாது. கூட்டம் இருக்கிற ஈ செத்துத் தீரும்வரை இருந்துவிட்டு அழிந்துபோகும்.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் வரவேண்டுமோ அவர்மேல் வரவில்லை. கூட்டம் பிரிந்து போனதுகூடத் தெரியாமலா அறையைக் கிள்ளினீர்கள், ஈ குறைந்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று பழனியம்மாவைக் கேட்டேன்.

அவர் தலையைத் தூக்காமல், "சொன்னனுங்களே மேடம். நேத்து வேலைக்குப் போய்ட்டு வந்து பாத்தா ஈ பாதியாயிருச்சுன்னு போன்ல மொதல்ல அதைத்தானுங்க சொன்னேன். நீங்க ஆரோ டிரைவர்கூடப் பேசிட்டிருந்தீங்க" என்றார்.

மூடியைக் கையில் பிடித்தபடி நின்றேன். எனக்கு முழுதும் விளங்கிவிட்டது. பழைய ராணி முந்தின நாளே போய்விட்டது. மீதி இருந்தவற்றுக்கு அந்த ராணி அறைகள்தான் ஒரே கதி. அவற்றை முழுக்கக் கிள்ளச் சொன்னேன். ஈக்கள் விடவில்லை. மிச்சமிருந்த இளம்புழுக்களைக் கொண்டு அவசரமாக மறுபடி ராணி அறை கட்டின. தாளில் இருந்தபடி ஏழாம் நாள் அவற்றையும் கிள்ள வைத்தேன். அதற்குமேல் ராணி ஆக்க அவற்றிடம் இளம்புழு இல்லை. பழனியம்மா ஒரு அறைகூட விடாமல் நேர்மையாகக் கிள்ளியிருந்தார். சொன்னதைக் கேட்காத ஆளாக இருந்திருந்தால் அந்தக் கூட்டம் பிழைத்திருக்கும்.

பிறகு அலுவலகத்தில் அந்த வரியை மாற்றினேன். இப்போது உங்கள் தாளில் இருப்பது நீளமான வாக்கியம். முதலில் புது முட்டை இருக்கிறதா பார், ராணி உள்ளே இருப்பது உறுதியானால் மட்டும் அறையில் கை வை என்று சொல்கிறது. படிக்க அலுப்பாக இருக்கிறதென்று உங்களில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அலுப்பாகவே இருக்கட்டும்.

அன்றைக்கு வழி ஒன்றுதான். வேறு கூட்டத்திலிருந்து புது முட்டையும் இளம்புழுவும் உள்ள அடை ஒன்றைக் கொண்டுவந்து நடுவில் வைக்க வேண்டும். குஞ்சின் வாசனை பட்டால் வேலைக்கார ஈக்கள் முட்டையிடுவதை விட்டுவிட்டு ராணி வளர்க்கத் தொடங்கலாம். தொடங்காமலும் போகலாம். ஆனால் எங்கள் அலுவலகப் பெட்டிகள் எல்லாம் மலையின் அந்தப் பக்கம், காப்பிக் காடுகளுக்குள் இருந்தன. சாயங்கால பஸ்ஸைப் பிடித்துப் போவதற்குள் பொழுது போய்விடும். விடிந்தால் பூ, நான்கு நாளைக்கு ஒரு காட்டுக்குள்ளும் விட மாட்டார்கள். அதுவரை இந்தப் பெட்டி கெட்டுக்கொண்டே போகும், அப்புறம் எதைக் கொடுத்தாலும் வளர்க்காது.

நான் வாய்விட்டு, போன பாதி எங்கேதான் போயிருக்கும் என்று சொன்னேன். பதிலை எதிர்பார்த்துச் சொல்லவில்லை. எனக்கு எப்போதும் இருக்கிற அரிப்பு அது.

பழனியம்மா அதற்கும் பதில் வைத்திருந்தார். போன வாரம் எஸ்டேட்டின் மேல்காட்டில் களை எடுத்தபோது, தான் கூட்டத்தை எடுத்த அதே பாறை இடுக்கில் மறுபடி ஈ போய்வந்து கொண்டிருந்ததாகச் சொன்னார். வேறு ஏதோ கூட்டம் என்று நினைத்து விட்டுவிட்டாராம்.

பிள்ளைகளே, இதை நான் இன்றுவரை யோசிக்கிறேன். அந்த இடுக்கைவிட்டு ஒரு வருடத்துக்கு முன் வந்த ஈக்களில் ஒன்றுகூட உயிரோடு இருந்திருக்காது. வேலைக்கார ஈயின் ஆயுள் சில வாரம். அந்த இடத்தை முன்பு அறிந்தது ராணி ஒன்றுதான். ஆனால் புது வீடு தேடிப் போவது ராணி இல்லை, மற்ற ஈக்கள். பாறையில் ஒட்டியிருந்த பழைய மெழுகின் வாசனை இழுத்ததா? தற்செயலா? அது பழனியம்மாவின் கூட்டம்தானா என்பதற்கே ஆதாரம் கிடையாது. தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வழியும் அகப்படவில்லை. உங்களில் யாராவது கண்டுபிடித்தால் எனக்கு ஒரு போன் செய்யுங்கள், முழுதும் காதில் வாங்கிக்கொள்வேன்.

மேல்காட்டுக்குப் போக எஸ்டேட் ரைட்டரிடம் கேட்க வேண்டும். ஆள் கணக்கு எழுதி வேலை பிரித்துக் கொடுப்பவர் அவர். அவர் மொட்டையும் பார்த்தார், எங்களையும் பார்த்தார். இருட்டுவதற்குள் வந்துவிட வேண்டும், சருகு காய்ந்து கிடப்பதால் நெருப்புக் கொண்டுபோகக் கூடாது, செடி வரிசைக்குள் நுழையாமல் ஓரத்து வரப்பிலேயே போக வேண்டும் என்று மூன்று நிபந்தனை போட்டார். நெருப்பு இல்லையென்றால் புகை இல்லை. புகை இல்லாமல் பாறை இடுக்கில் கையை விடுவது எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். சரி என்றோம்.

இடுக்கில் ஐந்தாறு அடை இருந்தது. எல்லாம் புது மெழுகு, வெள்ளையாக. வாசலில் மகரந்தத்தோடு ஈக்கள் முண்டியடித்துக்கொண்டு உள்ளே போயின. நான் கையை உள்ளே விட்டு ஓரத்து அடையை மெல்ல விலக்கினேன். நான்கு கொட்டு வாங்கினேன். இரண்டாவது அடையில் ராணியே நடந்துகொண்டிருந்தது. என் சட்டைப்பையில் ராணிக் கூண்டு இருந்தது, தீப்பெட்டி அளவுதான் இருக்கும். கூண்டை எடுத்துவிட்டேன்.

இங்கே கவனியுங்கள். முட்டை அடையை வைத்தால் புது ராணி வந்து முட்டையிட நான்கு வாரம் ஆகும். அதற்குள் காப்பிப் பூ முடிந்துவிடும். இந்த ராணியைப் பிடித்துப் போய்ப் பெட்டியில் விட்டால் நாளைக்கே எல்லாம் நேராகிவிடும் என்று என் மனம் சொன்னது. தப்புச் செய்தவருக்கு அதை ஒரே வீச்சில் அழித்துவிட வேண்டும் என்று கை பரபரக்கும். எனக்கு அப்போது தேனீயின் மேல் அக்கறை பாதி, என் வெட்கத்தை மறைக்கிற அவசரம் பாதி. மூன்று வாரத்துக் கணக்கை ஒரு சாயங்காலத்தில் தீர்த்துவிட நினைத்தேன்.

பழனியம்மா என் கையைப் பிடிக்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து நின்று சொன்னார்:

"மேடம், அங்க இருக்கறதுங்க இப்ப அதுங்களே ராணின்னு நெனச்சு முட்டை வெச்சிட்டிருக்குதுங்க. இதைக் கொண்டுபோய் உட்டு, அதுங்க கடிச்சுக் கொன்னு போட்டா அங்கயும் போச்சு, இங்கயும் போச்சுங்களே. இது ஒரு ஊடு பாத்துப் பொழைக்குது. இருந்துட்டுப் போவட்டுமுங்க. ஒரே ஒரு அடை மட்டும் போதுங்க."

முட்டையிடும் வேலைக்கார ஈக்கள் புது ராணியைக் கொல்லும் என்று ஊர் ஊராகப் பாடம் எடுத்தவள் நான். அதை எனக்கு அவர் சொல்ல வேண்டியிருந்தது. தன்னுடைய ஒரே கூட்டம் சாகக் கிடக்கும்போது, கண்முன்னால் நடக்கிற ராணியை விட்டுவிடச் சொல்ல எவ்வளவு தெம்பு வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். கூண்டைப் பையில் போட்டேன்.

உள்ளங்கை அகலத்துக்கு ஓர் அடையை அறுத்தோம். சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பார்த்தபோது குழிக்கு ஒன்றாக முட்டையும், பால் திவலையில் மிதக்கிற சின்னப் புழுக்களும் தெரிந்தன. பழனியம்மா அதைச் சட்டத்தில் வாழைநாரால் கட்டி, ஈரத்துணியில் சுற்றி, குளிர் படாமல் முந்தானைக்குள் அணைத்துக்கொண்டு இறங்கினார். பொழுது சாய்வதற்குள் பெட்டியின் நடுவில் வைத்து மூடிவிட்டோம்.

மறுநாள் மலை வெள்ளையாகிவிட்டது. ஜன்னலைத் திறந்தாலே மணம். வழக்கமாக அந்த நாட்களில் எனக்குச் சந்தோஷம் தாங்காது. அந்த வருடம் ஒன்றும் ஏறவில்லை. அத்தனை தேனும் பழனியம்மாவின் பெட்டிக்குப் பயன்படாமல் போகிறதே என்றுதான் மனதில் ஓடியது.

நான்காம் நாள் போன் வந்தது. மூன்று ராணி அறை கட்டியிருப்பதாகப் பழனியம்மா சொன்னார்.  நான் சந்தோஷப்படுவதற்குள் அவரே கேட்டார்:

"இதையும் கிள்ளோணுங்களா மேடம்?"

அதில் குத்தல் இருந்ததா, இல்லை உண்மையாகவே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். பெட்டிக்குப் பக்கத்தில் நானும் வரமாட்டேன் என்றும் சொன்னேன். புது ராணி வெளியே பறந்து இணைசேர்ந்து திரும்பும் நாட்களில் பெட்டியைத் திறந்து தொந்தரவு செய்தால் ராணிக்கே ஆபத்து. அந்த மூன்று வாரமும் தலைச்சோலை பஸ் எதிரில் வரும்போதெல்லாம் ஏறிவிடலாமா என்று தோன்றியது. ஒருமுறை ஏறியே விட்டேன். பாதி வழியில் இறங்கி நடந்து திரும்பினேன்.

பழனியம்மா சும்மா இருக்கவில்லை. பங்குனி வெயிலில் பஞ்சுருட்டான் குருவிகள் கூட்டமாகக் கம்பியில் உட்கார்ந்து, பறக்கிற ஈயைக் காற்றிலேயே கொத்தித் தின்னும். மூன்று அறை இருந்தாலும் முதலில் வெளிவரும் ராணி மற்றவற்றைக் கொன்றுவிடும், பறக்கப் போகிற ராணி ஒன்றே ஒன்று. அதைக் குருவி கொத்தினால் எல்லாம் முடிந்தது. அதனால் ராணி பறக்கிற வாரம் மத்தியான வேளைகளில் ரைட்டரிடம் கேட்டு வேலையிலிருந்து வந்து, வீட்டுப் பின்பக்கம் தட்டைத் தட்டிக் குருவியை விரட்டியிருக்கிறார். ஊரில் சிரித்தார்களாம். அதை ரைட்டர் சொல்லித்தான் கேள்விப்பட்டேன்.

நான்கு வாரம் முடிந்து போனேன். வாசலில் ஈக்கள் மஞ்சள் மஞ்சளாக மகரந்தம் சுமந்து உள்ளே போய்க்கொண்டிருந்தன. ஆனாலும் கண்ணால் பார்க்காமல் மனம் ஒப்பவில்லை. கூட்டம் மெலிந்திருந்தது, மூன்று அடைதான். நடு அடையைத் தூக்கி வெயிலில் திருப்பினேன்.  கண்ணாடியில் வியர்வை இறங்கி ஒன்றும் தெரியவில்லை. சட்டத்தைப் பழனியம்மாவிடம் கொடுத்தேன்.

அவர் வெகுநேரம் பார்த்தார். விரலால் ஒவ்வொரு வரிசையாகத் தொடாமல் காட்டிக்கொண்டே போனார்.

"குழிக்கு ஒண்ணுங்க. எல்லாம் நட்டநடுவுல நிக்குதுங்க" என்றார்.

 அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. பழனியம்மா அழவில்லை. சட்டத்தை இருந்த இடத்தில் இறக்கினார். எறும்பு ஏறாமலிருக்கக் கால்களுக்குக் கீழே இருந்த கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றினார். அடுத்த பூவுக்குப் பிரிக்கலாம் என்றார், காலிப் பெட்டியின் மூடியைத் திறந்து உள்ளே பூச்சி இருக்கிறதா என்று பார்த்தார். மறு வாரம் வந்து பார்க்கிறேன் என்று சொன்னேன்.

"எதுக்குங்க மேடம் அலையறீங்க. இனி நானே பாத்துக்குவனுங்க. தெரியாட்டிக் கூப்புடறேன்" என்றார்.

இந்த மலையில் ஒருவர் என்னிடம் அப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். இருந்தும் திரும்புகிற பஸ்ஸில், இனி என்னைத் தேடமாட்டார் என்று மனம் நொந்துதான் இருந்தது. அந்த வருடம் அவர் கூப்பிடவே இல்லை.